43ஆவது வரிசை

"எனக்கு மனசில் ஒன்று, வாயில் ஒன்று கிடையாது" என்று பல வருடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குக் காரணம் என் முதல் வேலை. இரண்டு வருடம் கால் சென்டரில் இருந்தேன். எதிர்முனையில் இருப்பவர் எவ்வளவு திட்டினாலும் நம் குரலில் சிரிப்பு குறையக்கூடாது. ஷிஃப்ட் முடிந்து ஹெட்செட்டைக் கழற்றும்போது உடம்பைவிட முகம்தான் வலிக்கும். இந்த வேலைக்கு 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயர் வைத்தவர் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷில்ட். விமானப் பணிப்பெண்களின் வேலையை ஆராய்ந்து 1983இல் அவர் எழுதினார். உள்ளே இல்லாததை வெளியே காட்டுவது ஒரு வகை, அந்த உணர்வையே நமக்குள் வரவழைத்துக்கொள்வது இன்னொரு வகை என்று பிரித்தும் சொன்னார். நான் செய்தது முதல் வகை. அதனால் அடுத்த வேலையில் சேர்ந்தபோது, இனி நடிப்பே கிடையாது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஒருநாள் ஜூனியர் ஒருவர் தயாரித்த அறிக்கையைப் பற்றி, எல்லார் முன்னாலும் "இதில் உருப்படியாக ஒன்றுமே இல்லை" என்றேன். அவர் எதுவும் பேசவில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனாவுக்கு மெதுவாக மூடியை மாட்டினார். நோட்டை மூடினார். உண்மையைத்தானே சொன்னோம் என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

சில மாதம் கழித்து, நான் போட்ட எக்செல் கணக்கு ஒன்றைத் தற்செயலாகத் திறந்தேன். விவரங்கள் 43ஆவது வரிசை வரை இருந்தன. கூட்டல் சூத்திரம் 41ஆவது வரிசையோடு நின்றிருந்தது. அந்தத் தொகையை மேலாளர் ஏற்கெனவே மேலிடத்துக்கு அனுப்பியிருந்தார். "சார், ஒரு தவறு நடந்துவிட்டது" என்று டைப் செய்தேன், அழித்தேன். தவறு தானாகவா நடந்தது? "செய்துவிட்டேன்" என்று மாற்றக் கை வரவில்லை. இரண்டு நாள் அப்படியே போனது.

அந்த இரண்டு நாளும் பேனா மூடி மாட்டிய அந்தக் கைதான் கண்ணுக்குள் நின்றது. நான் பட்டென்று பேசியதெல்லாம் எனக்குக் கீழே இருந்தவர்களிடம்தான், பேசினால் எனக்கு எந்த நஷ்டமும் இல்லாத இடத்தில்தான். அதை எப்படி உண்மையாக இருப்பது என்று சொல்ல முடியும்? வீட்டில் ஒரு மாதிரியும் ஆபீஸில் ஒரு மாதிரியும் பேசுவது பொய் என்று இப்போது நான் நினைப்பதில்லை. குழந்தையிடம் பேசும் குரலில் மேலாளரிடம் யாரும் பேசுவதில்லை. ஆனால் அன்று நான் மறைத்தது குரலை அல்ல, ஒரு எண்ணை.

மூன்றாம் நாள் நேரில் போய், "நான்தான் சார் கவனிக்காமல் விட்டுவிட்டேன்" என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. வரத்தான் செய்யும். திருத்திய கணக்கை அன்றே கேட்டு வாங்கினார்.

அப்புறம் அந்த ஜூனியரின் இருக்கைக்குப் போனேன். அவருடைய அறிக்கையின் இரண்டாம் பகுதி நன்றாகவே இருந்தது. அது அன்றைக்கே எனக்குத் தெரியும். "ஒன்றுமே இல்லை என்று நான் சொன்னது சரியில்லை" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பழைய கோப்பைத் தேடித் திறந்து, "எந்த இடம் சார்?" என்று கேட்டார். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.