படுக்கையில் பெடல்

ஜூன் 4, 2024, செவ்வாய்

சிறுநீரகம் வேலை செய்யாததால் எனக்கு டயாலிசிஸ், மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது. அது இல்லாத ஞாயிறு, திங்கள் இரண்டு நாள் இடைவெளியில் நீர் சேர்ந்து எடை 2.8 கிலோ ஏறியிருந்தது. சிஸ்டர் முறைத்தார். ஊசி போடுமுன் பிசியோ பெண் நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொன்னார், கையை மார்பில் கட்டிக்கொண்டு. 30 விநாடியில் 7 தடவை. அதற்கே தொடை நடுங்கியது.

டிவியில் ஓட்டு எண்ணிக்கை. எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க, பிசியோ பெண் என் கால்மாட்டில் ஒரு பெடல் பெட்டியை வைத்துக் கட்டினார். ரத்தம் குழாயில் வெளியே சுற்றிக்கொண்டிருக்கும்போது நான் சைக்கிள் மிதிக்க வேண்டுமாம்! ஃபிஸ்டுலா கை, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்தியிருக்கும் கை, மட்டும் அசையக் கூடாது. 5 நிமிடம் மிதித்தேன்.

ஜூன் 6, வியாழன்

10 நிமிடம். மூச்சு வாங்கலாம், பேச்சு நிற்கக் கூடாது, அதுதான் அளவு. எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன். வாரம் 3 நாள் 4 மணி நேரம் அசையாமல் கிடந்தால் சதை வற்றிப்போகும் என்றார். வேட்டி கட்டும்போது என் தொடையைப் பார்ப்பவனுக்கு அதைச் சொல்லவே வேண்டாம். மிதித்தால் தசையில் ரத்த ஓட்டம் கூடி, உள்ளே தங்கிய யூரியாவும் பாஸ்பேட்டும் கொஞ்சம் சுலபமாக வெளியே வருமாம். சரி, வரட்டும்.

ஜூன் 11, செவ்வாய்

இன்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். மிதிப்பதெல்லாம் முதல் 2 மணி நேரத்துக்குள் என்று சொல்லியிருந்தார்கள். தூங்கிவிட்டேன். விழித்ததும் யாரையும் கேட்காமல், மூன்றாவது மணி நேரத்தில் மிதிக்க ஆரம்பித்தேன். மிஷின் நீரை எடுக்க எடுக்க பிபி இறங்கும் என்பது எனக்குத் தெரியாததா? வரிசையாகக் கொட்டாவி. காது அடைத்தது. டிவி சத்தம் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது. பிபி 80/50. காலைத் தூக்கி வைத்து சலைன் ஓடவிட்டார்கள். வீட்டில் சொல்லவில்லை.

ஜூன் 15, சனி

பெடல் கிறீச்சிடுகிறது, பக்கத்துக் கட்டில் பெரியவர் தூங்க முடியவில்லை என்கிறார். சின்ன பாட்டிலில் தேங்காய் எண்ணெய் கொண்டுபோனேன். இளநீரோ என்று சிஸ்டர் பிடுங்கி மோந்து பார்த்தார். இளநீரில் பொட்டாசியம் அதிகம், எங்களுக்கு ஆகாது என்ற பயம். 15 நிமிடம், சத்தமில்லாமல்.

ஜூன் 29, சனி

நாற்காலி சோதனை: 9. இரவில் கெண்டைக்கால் இழுப்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

திரும்பும்போது டவுன் பஸ் படியில் மனைவி கை கொடுக்குமுன் கம்பியைப் பிடித்து ஏறிவிட்டேன். இடம் மட்டும் கேட்டு வாங்கித்தான் உட்கார்ந்தேன்.