வெல்லப் பாகுல கிரானோலா, நமுத்துப் போகாம

கொஞ்ச மாசமா வீட்லயே கிரானோலா, அதாவது ஓட்ஸும் நட்ஸும் இனிப்பு பூசி மொறுமொறுன்னு சுட்டு எடுக்கற காலை நாஷ்டா, பண்ணிட்டு இருக்கேன், இப்பதான் நம்ம ஊர் காத்துக்கு தாங்கற மாதிரி ஒரு பக்குவம் கைக்கு வந்திருக்கு, அதான் மறந்து போறதுக்குள்ள எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன். எங்க வீடு பழைய வண்ணாரப்பேட்டை, காசிமேடு கடல் பக்கத்துலதான், சாயங்காலம் ஆனா மாடில காஞ்ச துணி கூட திரும்ப பிசுபிசுன்னு ஆயிடும், அப்பளத்த பொரிச்சு வெளில வச்சா சோறு போட்டு முடிக்கறதுக்குள்ள தொங்கிடும். இந்த ஈரக் காத்துக்கு ஈடு கொடுக்கறதுதான் மொத்த வேலையே, மீதி எல்லாம் சுலபம்.

எதுக்கு ஆரம்பிச்சேன்னா, வீட்டுக்காரருக்கு ஹார்பர்ல ஷிப்ட் வேலை, விடியறதுக்கு முன்னாடியே கெளம்பணும், அந்த நேரத்துல இட்லி தோசைன்னு நின்னா லேட் ஆகுது, வெளில நாஷ்டா சாப்ட்டா வயித்துக்கு ஒத்துக்கல. ஒரு டப்பால கெட்டித் தயிரு, இன்னொரு டப்பால கிரானோலா, ஒரு வாழப்பழம், இப்படி கொடுத்து அனுப்பிட்டா அங்க போய் கலந்து சாப்ட்டுக்கலாம். கடைல பாக்கெட் வாங்கிப் பாத்தோம், வெலையும் ஜாஸ்தி, பின்னாடி திருப்பிப் படிச்சா ஓட்ஸுக்கு அடுத்ததே சர்க்கரைன்னு போட்டிருக்கு. எது எடைல அதிகமோ அத மொதல்ல போடணுங்கறதுதான் லேபிள் ரூல், அப்ப ரெண்டாவது எடத்துல சர்க்கரை இருக்குன்னா முந்திரி பாதாம்லாம் எவ்ளோ இருக்கும்னு நாமளே கணக்கு போட்டுக்கலாம்.

மொதல்ல எல்லாரும் சொல்ற முறைலதான் பண்ணேன், ஓட்ஸு, நட்ஸு, தேன், எண்ணெய், எல்லாம் கலந்து ஓடிஜில, அதான் கரண்ட்ல ஓடற சின்ன ஓவன்ல, 150 டிகிரி. வெளிய எடுத்து ஆறினதும் அவ்ளோ நல்லா இருந்துச்சு, மொறுமொறுன்னு, வீடு ஃபுல்லா வாசனை. ஆனா டப்பால போட்டு ரெண்டாவது நாள் தொறந்தா மெத்துன்னு ஆயிடுச்சு. தேனுக்கு காத்துல இருக்கற ஈரத்த இழுக்கற குணம் உண்டு, அதுல ஃப்ரக்டோஸ்ங்கற சர்க்கரை ஜாஸ்தி, அதனாலதான். குளுரான காஞ்ச ஊர்ல இருக்கறவங்களுக்கு இது ஒரு விஷயமே இல்ல, நம்ம ஏரியால நடக்காது.

இந்தப் பண்டத்தோட பழைய சமாச்சாரம் தேடிப் படிச்சப்ப எனக்கு ஒண்ணு பிடிச்சுது. 1863ல அமெரிக்கால டான்ஸ்வில்னு ஒரு ஊரு, அங்க ஜேம்ஸ் காலேப் ஜாக்சன்னு ஒரு டாக்டர் தண்ணி வைத்தியம் பாக்கற விடுதி நடத்தினாரு, அவர்தான் கோதுமை மாவ தட்டி சுட்டு, அத ஒடைச்சு திரும்ப சுட்டு, நோயாளிங்களுக்கு கொடுத்திருக்காரு. அது எவ்ளோ கெட்டின்னா ராத்திரியே ஊற வச்சாதான் காலைல கடிக்க முடியுமாம். ஓட்ஸும் நட்ஸும் தேனும் போட்டது எல்லாம் ரொம்ப பின்னாடி, 1960கள்ல பரவினது. ஆனா ரெண்டு தடவ சுட்டு ஈரத்த சுத்தமா வெளியேத்தினாரு பாருங்க, அதுதான் எனக்கு வேண்டிய விஷயம். உள்ள தண்ணி இருக்கக் கூடாது, மேல பூசற இனிப்பும் தண்ணி இழுக்கக் கூடாது.

அதுக்கப்பறம் தேன விட்டுட்டு வெல்லத்துக்கு மாறிட்டேன். வெல்லமும் மழைக் காலத்துல கசியும்தான், இல்லன்னு சொல்லல, ஆனா பாகு காய்ச்சி பூசினா அது கண்ணாடி மாதிரி இறுகி தானியத்து மேல ஒரு ஓடா நிக்குது. இதுல எனக்கு வழி காட்டினது பக்கத்து போர்ஷன் ஆயா. அவங்க கார்த்திக தீபத்துக்கு வருஷா வருஷம் பொரி உருண்ட பிடிக்கறவங்க, பாகுன்னா அவங்கதான். நான் வெல்லத்த கரைச்சு ரெண்டு கொதி வந்ததும் ஓட்ஸ்ல ஊத்தப் போனேன், வாசப்படில நின்னு பாத்துட்டு இருந்தவங்க, "இன்னாமா அவசரம், ஒரு தட்டுல தண்ணி வச்சு ஒரு சொட்டு வுட்டுப் பாரு"ன்னாங்க. விட்டேன், கரைஞ்சு ஓடிடுச்சு. "பாத்தியா, இன்னும் தண்ணியாத்தான் கீது, வுடு கொதிக்கட்டும்"னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு விட்டா அடில போய் சேந்து நின்னுச்சு, வெரலால கூட்டினா மெத்துன்னு உருண்டையா வந்துச்சு. "இது அதிரசத்துக்கு, உனக்கு இன்னும் போணும் கண்ணு." அப்பறம் நொரை சின்னதாகி, கலர் கொஞ்சம் கருத்து, வாசனை மாறற நேரத்துல திரும்ப ஒரு சொட்டு. அத எடுத்து தட்டு ஓரத்துல அவங்களே போட்டாங்க, டங்குன்னு ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, சின்னக் கல்லு விழுந்த மாதிரி. ஒடைச்சா பட்டுன்னு ஒடையுது, இழுபடல. அதுதான் பதம். புஸ்தகத்துல இத 146 டிகிரில இருந்து 154 டிகிரி வரைன்னு போட்டிருப்பாங்க, தெர்மாமீட்டர் இருக்கறவங்க அத வச்சுப் பாக்கலாம், எனக்கு அந்தச் சத்தம் போதும், அதுல சந்தேகமே வர்றதில்ல.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, இத தெரிஞ்சுக்கிட்டதுக்கு அப்பறம்தான் எல்லாம் சரியா வர ஆரம்பிச்சுது. ஓடிஜில சுடறதா இருந்தா பாகு இளசா இருந்தாலும் பரவால்ல, ஏன்னா மிச்சம் இருக்கற தண்ணிய ஓவன் சூடு இழுத்துடும், இளம் பாகுன்னா எல்லாத்து மேலயும் சீரா ஒட்டவும் செய்யும். கடாய்லயே பண்றதா இருந்தா பாகு ஊத்தினதுக்கு அப்பறம் காய வைக்க வேற வழி இல்ல, அதனால பாகுலயே தண்ணி இருக்கக் கூடாது, டங்குன்னு சத்தம் வர்ற பதம்தான் வேணும், ஊத்தினதும் மளமளன்னு கிளறணும், கொஞ்சம் விட்டாலும் ஒரு பக்கம் கட்டியா பிடிச்சுக்கும். பாகு எறக்கற நேரத்துல எண்ணெய அதுலயே ஊத்திட்டா கொஞ்சம் எளகி நிக்குது, கிளற டைம் கெடைக்குது.

ரெண்டாவது பெரிய மாத்தம் அவல். முழுக்க ஓட்ஸ் போடாம மூணுல ஒரு பங்கு கெட்டி அவல் சேத்தேன், மொறுமொறுப்பு வேற லெவலுக்கு போயிடுச்சு. மெல்லிசு அவல் வேணாம், தூளாயிடும். ஓட்ஸும் பெரிய தட்டையா இருக்கற ரோல்டு ஓட்ஸ்தான் வாங்கணும், அந்த சீக்கிரம் வேகற இன்ஸ்டன்ட் ஓட்ஸ் மெல்லிசு, பாகு பட்டதும் மாவாட்டம் சேந்துக்குது. அவல வெறும் கடாய்ல சின்ன தீல வறுக்கணும், நாலஞ்சு நிமிஷம், ரெண்டு அவல எடுத்து வெரல்ல அழுத்தினா நொறுங்கணும், வளைஞ்சா இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம். ஓட்ஸ தனியா வறுக்கணும், அதுக்கு ஏழெட்டு நிமிஷம் ஆகும், ரெண்டையும் ஒண்ணா போட்டா அவல் கருகிடும். ஓட்ஸ் வறுபட்டதுக்கு அடையாளம் கலர் இல்ல, வாசனை, பச்சை மாவு வாசனை போய் பிஸ்கட் வாசனை வரும், கரண்டியால கிளறும்போது சத்தமும் மாறும், மொதல்ல மந்தமா இருக்கும் அப்பறம் சலசலன்னு கேக்கும்.

இப்ப நான் போடற அளவு இதுதான், எல்லாம் ஒரே கப்பால அளக்கறது. ரோல்டு ஓட்ஸ் 2 கப், கெட்டி அவல் 1 கப், தோல் எடுத்து ரெண்டா ஒடைச்ச வறுத்த வேர்க்கடல அரை கப், முந்திரியும் பாதாமும் சேந்து அரை கப்புக்கு கொஞ்சம் கம்மி, வெள்ளரி வெதையும் எள்ளும் ஆளுக்கு ஒரு பெரிய ஸ்பூன். பொட்டுக்கடல ஒரு கைப்பிடி, அது ஏற்கனவே வறுத்ததுதான் அதனால கடைசில போட்டா போதும். பொடிச்ச வெல்லம் அரை கப், அது மூழ்கற அளவுக்கு மட்டும் தண்ணி, கரைஞ்சதும் கட்டாயம் வடிகட்டணும், எவ்ளோ நல்ல வெல்லமா இருந்தாலும் அடில மண்ணு நிக்கும். எண்ணெய் கால் கப். உப்பு கால் ஸ்பூன், இத விட்டுடாதீங்க, உப்பு இல்லன்னா இனிப்பு சப்புன்னு தெரியும். ஏலக்காயும் சுக்கும் தட்டிப் போட்டா பட்டை வாசனைக்கு அவசியமே இல்ல, வெல்லத்துக்கு சுக்குதான் ஜோடி.

ஓவன்ல பண்றவங்களுக்கு, பாகுல கலந்தத ட்ரேல ஒரு வெரல் கனத்துக்கு மேல போகாம பரப்பணும், 150 டிகிரில நடு ரேக், 15 நிமிஷம் கழிச்சு ஓரத்துல இருக்கறத நடுவுக்கும் நடுவுல இருக்கறத ஓரத்துக்கும் மாத்திட்டு இன்னும் 10, 12 நிமிஷம். வெல்லம் சீக்கிரம் செவந்துடும், கடைசி அஞ்சு நிமிஷம் பக்கத்துலயே நிக்கணும். எடுக்கும்போது மெத்துன்னுதான் இருக்கும், பயந்துட்டு திரும்ப உள்ள வைக்க வேணாம், ஆற ஆறத்தான் இறுகும். கட்டி கட்டியா வேணும்னா எடுத்ததும் கரண்டியால நல்லா அழுத்தி விட்டுட்டு ஆற்ற வரைக்கும் தொடவே கூடாது. காஞ்ச திராட்சை போடறதா இருந்தா ஆறினதுக்கு அப்பறம்தான் சேக்கணும், சூட்டுல போட்டா கல்லாயிடும்.

எண்ணெய் விஷயத்துல வீட்ல ரெண்டு கட்சி. எனக்கு தேங்காண்ணெய், கூட கொப்பரைய சீவிப் போட்டா அந்த வாசனைக்கு வேற எதுவும் கிட்ட வராது. அவருக்கு செக்கு நல்லெண்ணெய் போட்டு எள்ளு கொஞ்சம் தூக்கலா இருக்கறது, சாப்ட்டா எள்ளுருண்ட ஞாபகம் வருதுங்கறாரு, மாசத்துல பாதி நாள் அவரு இஷ்டத்துக்கு விட்டுக் கொடுக்கறேன். நெய்ல பண்ணதும் நல்லா இருந்துச்சு ஆனா தெனம் சாப்பிட திகட்டுது.

முந்திரி பாதாம் வாங்கறதுக்கு நான் மெட்ரோல மண்ணடில எறங்கி கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்கு நடந்து போயிடுவேன். 2021ல விம்கோ நகர் வரைக்கும் லைன் நீட்டினதுல இருந்து எங்களுக்கு இது ரொம்ப சௌகரியம், தியாகராயா காலேஜ் ஸ்டேஷன்ல ஏறினா ஒக்காந்து மூச்சு விடறதுக்குள்ள வந்துடுது. ஒடைஞ்ச முந்திரி கேட்டு வாங்குங்க, எப்படியும் ஒடைக்கத்தானே போறோம், முழு முந்திரிய விட வெல கம்மி. ஆனா வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ண வாயில போட்டுப் பாக்கணும், பழசான முந்திரில ஒரு எண்ணெய் சிக்கு வாட வரும், ஒரு பிடி கலந்தாலும் மொத்த பேட்சும் அந்த வாடதான் அடிக்கும்.

இப்ப வைக்கற முறை. சூடா இருக்கும்போது மூடினா மூடில வேர்க்கும், அந்தத் தண்ணி திரும்ப உள்ளதான் விழும், அதனால நல்லா ஆறணும், அதே நேரம் ராத்திரி முழுக்க தட்டுல தொறந்தும் கெடக்கக் கூடாது, கடல் காத்து குடிச்சிடும். கை வச்சா சூடு தெரியலன்னதும் உடனே டப்பா. ஒரே பெரிய டப்பால போட்டு தெனம் தொறக்கறத விட்டுட்டேன், ஒவ்வொரு தடவ தொறக்கும்போதும் ஈரக் காத்து உள்ள போகுதே, அதனால சின்ன சின்ன கண்ணாடி பாட்டில்ல ஒவ்வொண்ணுலயும் மூணு நாள் அளவு போட்டு இறுக்கி மூடி வச்சிடறேன், ஒண்ணு முடிஞ்சாதான் அடுத்தது தொறக்கறது. இப்படி வச்சதுல கடைசி பாட்டில் கூட தொறந்த அன்னைக்கு சலசலன்னு இருந்துச்சு. எதாவது நமுத்துட்டா கொட்ட வேணாம், ஓவன்ல 120 டிகிரில எட்டு பத்து நிமிஷம், இல்ல கடாய்ல சின்ன தீல ஒரு பெரட்டு, ஆற வச்சா பழையபடி வந்துடும், திராட்சைய மட்டும் பொறுக்கி எடுத்துட்டு சூடு பண்ணுங்க.

சாப்பிடற விஷயத்துல ஒண்ணே ஒண்ணு, காய்ச்சின சூட்டோட பால ஊத்திடாதீங்க, இவ்ளோ கஷ்டப்பட்டு கொண்டு வந்த மொறுமொறுப்பு ஒரு நிமிஷத்துல கஞ்சியாயிடும். ஆறின பால், இல்லன்னா கெட்டித் தயிர், அதுவும் சாப்பிடும்போது மேல தூவிக்கணும். ஒரு கைப்பிடி போதும், இதுல எண்ணெய் நட்ஸ் எல்லாம் இருக்கு, கிண்ணம் நெறைய எடுத்தா மதியம் வரைக்கும் வயிறு கல்லு மாதிரி இருக்கும். வெல்லம்தானேன்னு சுகர் இருக்கறவங்க தாராளமா சாப்பிடக் கூடாது, வெல்லமும் ரத்தத்துல சர்க்கரைய ஏத்தத்தான் செய்யும். ஆயாவுக்கு சுகரு, பாகுக்கு பதம் சொல்லிக் கொடுத்துட்டு அவங்களால சாப்பிட முடியலன்னா எனக்கு மனசே ஆகல, அதனால அவங்களுக்குன்னு தனியா ஒண்ணு பண்றேன், அதே ஓட்ஸ், அவல், வேர்க்கடல, பொட்டுக்கடல, வெல்லத்துக்கு பதிலா கருவேப்பில, மொளகு, பெருங்காயம், உப்பு, கொஞ்சமா நல்லெண்ணெய். வாய்க்கு வேலையா இருக்குன்னு அளவா எடுத்து சாயங்கால டீயோட சாப்பிடறாங்க, "இது நல்லா கீது, அந்த இனிப்பு நீங்களே வச்சுக்கோங்க"ன்னுட்டாங்க.

அடுத்து கம்பு அவல் வாங்கி வச்சிருக்கேன், கெட்டி அவலுக்கு பதிலா அது. கம்பு லேசா கசக்கும், அதனால வெல்லத்த ஏத்தறதா இல்ல கொப்பரைய ஏத்தறதான்னு இன்னும் முடிவு பண்ணல. ஐப்பசி மழை பிடிக்கறதுக்குள்ள ஒரு பேட்ச் போட்டு, ஒரு பாட்டில மட்டும் தொறக்காம வச்சிருந்து அடை மழைல தொறந்து பாக்கணும்.