ஆர் மொழியில் பைனரி சரம்: 20 எப்படி 5 ஆகிறது

ஆர் (R) என்பது புள்ளிவிவரக் கணக்குக்கான நிரல்மொழி. அதில் ஒரு எண்ணை 0, 1 மட்டும் கொண்ட எழுத்துச் சரமாக, அதாவது பைனரி சரமாக, மாற்றுவதுதான் இங்கே வேலை. எடுத்துக்கொண்ட கணக்கு காட்பாடிப் பக்கத்துத் தண்ணீர் விவரத் தாள் மாதிரி ஒன்று. வீட்டுக்கு ஒரே எண். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் 1, கை பம்பு 2, போர் 4, லாரித் தண்ணீர் 8, கேன் 16. எது எது உண்டோ கூட்டி எழுதிவிடலாம். போரும் கேனும் இருந்தால் 20. அதை 10100 என்று சரமாக்கினால் ஒவ்வொரு இடமும் ஒரு உண்டு, இல்லை.

படியில் அளந்தவர்களுக்கு இது புதிதில்லை. படிக்கு இரண்டு உரி, உரிக்கு இரண்டு உழக்கு, உழக்குக்கு இரண்டு ஆழாக்கு. 13 ஆழாக்கு என்றால் படி ஒன்று, உரி ஒன்று, உழக்கு இல்லை, ஆழாக்கு ஒன்று: 1101.

முதலில் கைவழி. %% போட்டு 2-ஆல் வகுத்த மீதி, %/% போட்டு ஈவு, ஈவு 0 ஆகும்வரை சுற்று. மீதியைச் சரத்தின் முன்பக்கம் ஒட்ட வேண்டும். பின்பக்கம் ஒட்டினால் 20-க்கு 00101 வரும், அதாவது 5. கேன் வாங்கும் வீடு குழாய் வீடாகிவிடும். ஆர் ஒரு வார்த்தை சொல்லாது. இதைவிட மோசம், 21-ஐ வைத்துச் சோதிப்பது. 10101 எந்தப் பக்கம் படித்தாலும் ஒன்றே. பைனரியில் ஐந்து இலக்கம் வரும் எண்களில் 17, 21, 27, 31 என நான்கு இப்படி ஏமாற்றும்.

%/% இருக்க வேண்டிய இடத்தில் வெறும் / விழுந்தால் 5, 2.5, 1.25 என்று பாதியாகிக்கொண்டே போய் ஆயிரம் சுற்றுக்கு மேல் ஓடித்தான் 0-ஐத் தொடும். எண்ணே 0 என்றால் சுற்றுக்குள் நுழையாமல் வெற்றுச் சரம் வரும். அதை முதலிலேயே தனியாகப் பிடித்துவிட வேண்டும்.

அடுத்தது இன்ட்டுபிட்ஸ் (intToBits), எண்ணை பிட்களாக, அதாவது 0, 1 இடங்களாக, பிரிக்கும் ஆர் கட்டளை. எண்ணை எழுத்தாக்கும் ஸ்பிரின்ட்எஃப்-பில் (sprintf) 8-ஐயும் 16-ஐயும் அடியாகக் கொண்ட எண்முறைகளுக்குக் குறி உண்டு, பைனரிக்குக் கிடையாது; அதனால் இதுதான் கைக்கு வரும் வழி. ஒரு எண்ணுக்கு 32 பிட், சின்ன இடம் முதலில். ரெவ் (rev) போட்டுத் திருப்பியாக வேண்டும். வருவது ரா (raw) வகை, எண் அல்ல, வெறும் பைட். நேரே ஒட்டும் கட்டளையான பேஸ்ட்டில் (paste) கொடுத்தால் ஒவ்வொன்றும் 00, 01 என்று இரட்டையாகி 64 எழுத்துச் சரம் நிற்கும். முழு எண்ணாக்கும் ஆஸ்.இன்டிஜர் (as.integer) முதலில், பேஸ்ட் பிறகு.

எல்லா வீட்டு எண்ணுக்கும் ஒரே மூச்சில் செய்ய, விடையை 32 வரிசையும் வீட்டுக்கு ஒரு பத்தியுமான மேட்ரிக்ஸாக்கி (கட்ட அட்டவணை), 5:1 வரிசைகளை, அதாவது ஐந்திலிருந்து ஒன்று வரை தலைகீழாக, எடுத்து, அப்ளை (apply) மூலம் ஒவ்வொரு பத்தியையும் ஒட்டினால் போதும். நூறு வீட்டுக்கு ஓடும், ஒரே வீட்டுக்கு உடையும். ஒரு பத்தி மட்டும் இருந்தால் ஆர் மேட்ரிக்ஸை வெறும் வெக்டராக, அதாவது ஒற்றை வரிசைப் பட்டியலாக, சுருக்கிவிடுகிறது. வரிசை எடுக்கும்போதே டிராப்=ஃபால்ஸ் (drop=FALSE) சேர்த்தால் சரி.

அதிகம் கவனிக்க வேண்டியது விடுபட்ட கட்டம். விடுபட்டதற்கு ஆர் போடும் குறி என்.ஏ (NA); அந்த என்.ஏ முழு எண்ணை அது உள்ளே வைப்பது 1-உம் அதன்பின் 31 சுழியுமாக. கடைசி ஐந்து பிட்டை வெட்டினால் 00000. பதிலே எழுதாத வீடு, எந்தத் தண்ணீரும் இல்லாத வீடாகக் கணக்கில் ஏறும், எச்சரிக்கைகூட வராது. இஸ்.என்.ஏ (is.na) பார்த்து ஒதுக்காமல் இந்த வழியில் இறங்கவே கூடாது.

ஆர் முழு எண்ணின் உச்சமான 2147483647-க்கு மேல் போனாலும் இதே கதிதான், என்.ஏ ஆகிவிடும். பத்து இலக்க செல்போன் எண் எல்லாமே அதைத் தாண்டும். இங்கே எச்சரிக்கை ஒன்று வரும், நீள ஓட்டத்தில் கண்ணில் படாது. பெரிய எண்ணுக்குக் கைவழியே நல்லது, 9007199254740992 வரை பிசகாது. பின்னம் வந்தால் இன்ட்டுபிட்ஸ் வாய்திறக்காமல் வெட்டும். 0.29-ஐ 100-ஆல் பெருக்கினால் 29-க்கு ஒரு மயிரிழை குறைவாக நிற்கிறது. விடை 28-இன் பைனரி. ரவுண்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

சரத்தை எண்ணாக மாற்றி வைக்கும் ஆசை வேண்டாம். வேலூர் பின்கோடு 632001-க்கு 10011010010011000001, இருபது இலக்கம்; எண்ணாக்கினால் பதினாறுக்கு அப்பால் நம்ப முடியாது. சிஎஸ்வி (CSV) கோப்பில் எழுதித் திரும்பப் படித்தால் 00101 என்பது 101 ஆகிவிடும். படிக்கும்போது பத்தியின் வகையைச் சொல்லும் கால்கிளாசஸ்-ஸில் (colClasses) கேரக்டர் (எழுத்து) என்று சொல்லிவிட வேண்டும்.

சோதனைக்கு 0 முதல் 31 வரை அனைத்தையும் சரமாக்கி, சரத்தை எண்ணாக்கும் எஸ்டிஆர்டுஐ-யில் (strtoi) எண்முறையின் அடி 2 என்று கொடுத்துத் திரும்ப எண்ணாக்கிப் பார்த்தோம். அடியை விட்டுவிட்டால் 10 என்று எடுத்துக்கொண்டு 10100-ஐப் பத்தாயிரத்து நூறு என்கிறது. அடியைச் சேர்த்தபின் 32-உம் பொருந்தின.