நாற்பது சவரனும் ஒரு நைட் ட்ரெயினும்

ஆவணி முகூர்த்தம் ஆரம்பித்துவிட்டால் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் நிறைய வீடுகளில் தெற்கே ஊர்க் கல்யாணத்துக்கு மூட்டை கட்டுவார்கள். லாக்கரிலிருந்து நகை வெளியே வரும். கூடவே புதிதாக ஒரு நம்பர் லாக்கும் வாங்குவார்கள். நகையைக் காப்பாற்றும் என்று நினைத்து வாங்கினால் அந்தக் காசு தண்டம்.

காரணம் ஜிப். பால்பாயின்ட் பேனா முனையை நைலான் ஜிப்பின் பல்லுக்கு நடுவே வைத்து அழுத்தினால் பெட்டி வாயைப் பிளந்துவிடும். பூட்டு போட்டது போட்டபடி இருக்கும். எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டு, ஜிப் தலையைப் பூட்டோடு சேர்த்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு முறை ஓட்டினால் பழையபடி மூடிக்கொள்ளும். ஊரில் போய்த் திறக்கும்போதுதான் தெரியும். எந்த ஸ்டேஷனில் போனது என்றுகூடச் சொல்ல முடியாது. லோயர் பெர்த்துக்கு அடியில் இருக்கும் இரும்பு வளையத்தில் சங்கிலி போட்டுக் கட்டுவது, பெட்டி மொத்தமாக இறங்கிப் போகாமல் இருக்கத்தான். பட்டுப்புடவைக்கு அது போதும்.

நகை உடம்போடு இருக்க வேண்டும். 40 சவரன் என்பது 320 கிராம், அரை லிட்டர் பால் பாக்கெட்டை விடக் கனம் குறைவு. இடத்தை அடைப்பது நகைக்கடை டப்பாக்கள்தான். அவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு உருப்படியையும் தனித்தனியாகப் பருத்தித் துணியில் சுற்றினால் கொக்கி சிக்காது, கல்லும் உதிராது. பாவாடையின் உள்பக்கம், நாடாவுக்கு நாலு விரல் கீழே, முன்பக்கமாக ஜிப் வைத்த பை ஒன்றை இரட்டைத் தையலில் தைத்துக்கொள்ளலாம். ஆண்களுக்குப் பாக்கெட் வைத்த பட்டாபட்டி இருக்கிறது, கிண்டல் செய்தாலும் அதற்கு இணை இல்லை. வெளியே தெரிகிற இடுப்பு பெல்ட் வேண்டாம், இங்கேதான் இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். இரண்டு பேராகப் பிரித்து வைப்பது நல்லது. ஆனால் யாரிடம் எது என்று அந்த இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ‘உங்கிட்டதான இருக்கு’ என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருக்கும் பைதான் முதலில் தொலையும்.

ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு எழும்பூர் போவதைவிட மெட்ரோவில் போய் சென்ட்ரலில் மாறுவது மேல். ஸ்கேனரில் பையைப் போடும்போது மட்டும் ஒருவர் முதலில் உள்ளே போய் அந்தப் பக்கம் நிற்கட்டும். ஆம்னி பஸ் என்றால் சாப்பாட்டுக்கு நிறுத்தும் இடத்தில் எல்லோரும் சேர்ந்து இறங்கக் கூடாது. டிக்கியில் பெட்டி வைத்திருந்தால், வழியில் அது திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கண் வேண்டும்.

தாலிச் செயினைக் கழற்ற மனசு வராதவர்கள் ரவிக்கையின் உள்பக்கம் இரண்டு இடத்தில் பின் குத்தி, மேலே துண்டோ சால்வையோ சுற்றிக்கொள்ளலாம். ஸ்லீப்பர் கோச்சில் ஜன்னல் ஷட்டரை இறக்கிக் கொக்கி மாட்டாமல் தூங்கக் கூடாது. சிக்னலுக்கு வண்டி நிற்கிற அந்த ரெண்டு நிமிஷம் வெளியிலிருந்து ஒரு கை நுழைய தாராளம்.

தெருவிலேயே ஒரு பழைய தந்திரம் உண்டு. மஃப்டி போலீஸ் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். ‘அங்க பிரச்சினை, நகையைக் கழட்டிப் பேப்பர்ல மடிச்சுக்கம்மா’ என்பார்கள். மடித்துத் திருப்பித் தரும் பொட்டலத்தில் ஜல்லி இருக்கும். எந்தப் போலீசும் நகையைக் கழற்றி மடித்துத் தர மாட்டார்.

கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு நகையையும் போட்டோ எடுங்கள். ஹால்மார்க்கோடு, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் (ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் அடையாள எண்) பொறித்திருந்தால் அதைக் கிட்டத்தில் எடுங்கள், எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘காசுமாலை ஒண்ணு’ என்று எழுதும் புகாரைவிட இந்த எண் இருக்கும் புகாருக்கு எடை அதிகம். ஓடும் ரயிலில் போனது தெரிந்தால் ரயில்வே உதவி எண் 139-ஐக் கூப்பிடுங்கள், அல்லது டி.டி.ஆரிடம் சொல்லுங்கள். பயணத்தை முறித்து இறங்க வேண்டியதில்லை, புகாரை வண்டியிலேயே எழுதிக் கொடுக்கலாம். இழப்பீட்டை மட்டும் நம்ப வேண்டாம். புக் செய்யாமல் கையோடு கொண்டுபோகும் சாமானுக்கு, ஊழியரின் அலட்சியம் நிரூபணமானாலொழிய ரயில்வே பொறுப்பல்ல என்கிறது 1989 ரயில்வே சட்டத்தின் 100-வது பிரிவு. இடுப்பில் கட்டியிருந்த 1 லட்சம் ரூபாய் திருடுபோன வழக்கில், அது ரயில்வேயின் சேவைக் குறைபாடு ஆகாது என்று 2023-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

திரும்பி வரும்போது நகையோடு மொய்ப்பணமும் சேரும். தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்தால் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கத்துக்குப் பறக்கும் படை ஆவணம் கேட்கும். மொய் நோட்டையும் கல்யாணப் பத்திரிகையையும் பெட்டியில் போடாமல் பணத்தோடேயே வைத்திருங்கள்.