இருபதும் இருபத்தொன்றும்: தண்டையார்பேட்டை நாட்குறிப்பு

பிப்ரவரி 3
எங்கள் விமான கம்பெனியையும் இன்னொன்றையும் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். யாருக்கு எந்த ஊர் என்ற லிஸ்ட் இன்றும் வரவில்லை.

பிப்ரவரி 4
ஸ்டோர்ஸில் இரண்டு கம்பெனி ரேக்கையும் ஒன்றாக்கச் சொல்லி மெயில். எதை ஒன்றாக்குவது? எங்கள் போயிங் 737 விமானத்தின் மெயின் டயருக்கு ரிம் 21 இஞ்ச். அவர்களுடைய ஏர்பஸ் ஏ320-க்கு 20. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்பு. மாற்றிக் கொடுத்தால் மாட்டாது. ஆனால் பயணிகளை ஏற்றிக்கொண்டு விமானம் காத்து நிற்கும்போது, மாட்டாத டயரோடு நிற்கப்போவது நான். தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பிரித்தேன். "சேருங்கன்னா கோடு போடுறீங்களே" என்றார் மேனேஜர்.

பிப்ரவரி 7
அம்மாவுக்கு ராத்திரி முழுக்க இருமல்.

பிப்ரவரி 9
காசிமேட்டில் வஞ்சிரம் விலையைக் கேட்டுவிட்டு சங்கரா வாங்கினேன். மச்சான் சாப்பிட வந்தார். மணலியில் கண்டெய்னர் வண்டி ஓட்டுகிறவர். "எங்க வண்டிக்கும் 20 இஞ்ச்தான் மாப்ள. வேணும்னா ஒரு ஸ்டெப்னி அனுப்புறேன்." எங்கள் டயரில் காற்றே 200 பவுண்டு, அதுவும் நைட்ரஜன் என்றேன். மீன் முள்ளை எடுப்பதிலேயே இருந்தார்.

பிப்ரவரி 12
மெட்ரோவில் பழைய சீனியர் ஒருவர். 2007-இல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் சேர்த்த கதையை ஆரம்பித்தார். ஏர் இந்தியாவில் பெரும்பாலும் போயிங், இந்தியன் ஏர்லைன்ஸில் ஏர்பஸ். போயிங்கின் புது ட்ரீம்லைனர் விமானத்தை ஓட்டும் பயிற்சி யாருக்கு என்று 2012-இல் பைலட்டுகள் 58 நாள் வேலைநிறுத்தம். சேர்ந்து ஐந்து வருஷம் கழித்து! வண்ணாரப்பேட்டை தாண்டியும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு கம்பெனி விமானங்களின் வால் பகுதிக்கும் ஒரே பெயின்ட் அடித்துவிடலாம், ஆட்களை அப்படிச் சேர்க்க முடியாது. எங்கள் இன்ஜினியர் லைசென்ஸில் 737 மட்டும்தான். தனி கோர்ஸ் முடிக்காமல் ஏ320-ஐப் பறக்கலாம் என்று கையெழுத்துப் போட முடியாது. அதனால் ஊருக்கு ஒரே ரக விமானம் என்று வைக்கப்போகிறார்களாம். 737 எல்லாம் டெல்லிக்கு என்று கேன்டீனில் பேச்சு. விமானம் போனால் டயர் போகும். டயர் போனால் நானும்.

பிப்ரவரி 13
சாக்பீஸ் கோட்டை யாரோ அழித்துவிட்டார்கள்.

பிப்ரவரி 15
மஞ்சள் பெயின்ட். இனி அழியட்டும் பார்க்கலாம்.

பிப்ரவரி 18
"டெல்லியில குளிர் ஜாஸ்தியாமே" என்கிறார் அம்மா. நான் இன்னும் வீட்டில் வாயே திறக்கவில்லை. மச்சான் வேலையாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 20
லிஸ்ட் இல்லை. ஏ320 டயர் ஆறு வந்து இறங்கின. அவர்கள் பக்கம் இடமில்லை. கோட்டை இரண்டடி எங்கள் பக்கம் தள்ளி வரைந்தேன்.