அம்மாவின் வாய்ப்புற்றும் பி53 என்ற பரம்பரையலகும்

அம்மாவின் கன்னத்துக்குள் ஆறாத புண்ணைப் பார்த்ததும் தோட்டத்து டிஸ்பென்சரியில் பேராதனை பல் ஆஸ்பத்திரிக்குத் துண்டு கொடுத்துவிட்டார்கள். சதைத்துண்டு எடுத்துப் பார்க்கும் பயொப்சியில் வாய்ப்புற்று என்று வந்தது. கொழுந்து மலையில் காலமெல்லாம் வெத்திலை, பாக்கு, பொயிலை போட்டவர். பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்பது எங்கள் லயங்களில் இன்னும் பலருக்குத் தெரியாது.

அந்தக் கிழமையே சொந்தக்காரர் ஒருவர் வீடியோ அனுப்பினார்: ஒரே ஊசியில் புற்றுக்கலங்களைச் சாகவைக்கும் மரபணுச் சிகிச்சை! கிளினிக்கில் இருந்த இளம் டொக்டரிடம் காட்டினேன். ஒதுக்கிவிடாமல் விளக்கினார்.

நம் கலங்களுக்குள்ளேயே சாவதற்கான ஏற்பாடு இருக்கிறதாம். டிஎன்ஏ பழுதானால் பி53 என்ற பரம்பரையலகு (மரபணு) உண்டாக்கும் புரதம் கலம் பிரிவதை நிறுத்தும். திருத்த முடியாத பழுதென்றால் கலத்தையே சாகச் சொல்லும். கலம் சுருங்கித் துண்டு துண்டாகும். பக்கத்துக் கலங்கள் விழுங்கிவிடும். புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்தப் பி53 கெட்டிருக்கும். 2003இல் சீனா அனுமதித்த ஜென்டிசின், தடிமன் தரும் வைரஸ் வகை ஒன்றில் நல்ல பி53 பரம்பரையலகை ஏற்றிக் கட்டிக்குள் போடும் ஊசி. ஆனால் வைரஸ் எல்லாக் கலத்தையும் எட்டுவதில்லை. உடம்பும் அதை எதிர்க்கும். அதனால் அங்கேயும் கரண்டோடு, அதாவது கதிர்ச் சிகிச்சையோடு, சேர்த்துத்தான் கொடுத்தார்கள். கரண்டும் டிஎன்ஏயை உடைத்துக் கலத்தைச் சாகத் தள்ளுவதுதான்.

"அப்ப எப்படியும் கரண்டு வைக்கணும்தானே, அதையே வச்சிருவோம்" என்றார் அம்மா. ஊசிக்காகக் காத்திருக்கும் எண்ணம் எனக்கும் அத்தோடு போயிற்று.

கன்னத்திலும் கழுத்து நெறிக்கட்டியிலும் ஆபரேஷன் நடந்தது. கரண்டுக்கு முன் சொத்தைப் பற்களைப் பிடுங்கினார்கள். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாமாம். அடுத்தது மாஸ்க். வெந்நீரில் இளகிய வெள்ளைச் சல்லடைத் தகட்டை முகத்தில் விரித்து அழுத்துவார்கள்; சில நிமிஷத்தில் முகத்தின் அச்சாக இறுகிவிடும். அதைக் கட்டிலோடு பூட்டித்தான் கரண்ட் வைப்பது. அம்மா முதல் நாள் பயந்து கையை உதறினார். வீட்டிலேயே கண்ணை மூடி மூக்கால் மெதுவாக மூச்சுவிடப் பழக்கியிருக்கலாம், போகிறவர்கள் பழகிக்கொள்ளுங்கள்.

சிகிச்சைக்குக் காசு வாங்கவில்லை. கண்டியில் அறை வாடகையும் இழந்த நாட்சம்பளமும்தான் நெரித்தன. வாய் வெந்துபோனபோது உப்பும் அப்பச்சோடாவும் கலந்த இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார்கள். சாப்பாடு கஞ்சியும் மசித்த பப்பாசியும்தான்.

இப்போது மாதக் கிளினிக்கில் கழுத்தைத் தடவிப் பார்க்கிறார்கள். போன முறை பக்கத்து லயத்துப் பெரியம்மாவையும் கூட்டிப்போனேன். அவருக்குக் கன்னத்தில் வெள்ளைப் படை. பயொப்சி எடுத்திருக்கிறார்கள், ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.