மலை டூட்டி என்றால் ஏன் இந்த நடுக்கம்?

சமவெளியில் வருடக்கணக்காக பஸ் ஓட்டியவர்கூட, மேட்டுப்பாளையம்-குன்னூர் டூட்டி விழுந்ததும் லீவு கேட்பது உண்டு. ஓட்டத் தெரியாமல் இல்லை. வண்டி மலையடிவாரத்துக் கல்லாறைத் தாண்டும் முன்பே மனசு பள்ளத்தின் அடிவரை போய்விடுகிறது. பிரேக் பிடிக்காமல் போனால்? ஏற்றத்தில் நின்று பின்னால் உருண்டால்? பனிமூட்டத்தில் ரோடே தெரியாவிட்டால்? கேள்விகள் பெரும்பாலும் இந்த மூன்றுதான்.

"ஒண்ணும் ஆகாது, தைரியமா போ தம்பி" என்று டிப்போவில் முதுகைத் தட்டி அனுப்புவார்கள். அந்த ஆறுதல் வழியிலுள்ள பர்லியார் வரைக்கும் தாங்காது. நல்லதை நினை என்றால், அந்த நினைப்பில் கைக்கும் காலுக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும். "இரண்டாவது கியர் வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறது" என்பது அப்படிப்பட்ட நினைப்பு. அதைச் சொல்லிக்கொள்ளும்போதே காது எஞ்சின் சத்தத்துக்குப் போகும், கால் பிரேக் பெடலை விட்டு விலகும்.

அந்தக் காலைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். பயந்தவருடைய வலது கால் இறக்கம் முழுக்க பெடலின் மேலேயே கிடக்கும். அழுத்துகிறோம் என்று அவருக்கே தெரியாது. பிரேக்கின் உராய்வுப் பட்டையான லைனிங், சக்கரத்தோடு சுழலும் இரும்பு டிரம்மில் உரசிக்கொண்டே வரும். டிரம் சூடேறி விரியும், லைனிங்கின் பிடிப்பு குறையும், கடைசியில் அதே அழுத்தலுக்கு வண்டி நிற்க மறுக்கும். அதற்குள் பின் சீட்டுக்காரர்கள் கருகல் வாடைக்கு மூக்கைப் பொத்தியிருப்பார்கள். பிரேக் போய்விடுமோ என்ற பயமேதான் பிரேக்கைப் போக வைக்கிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர்; ரொம்பச் செங்குத்தாக இருந்தால் அதற்கும் ஒன்று கீழே. இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். எஞ்சின் புகை போகும் வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் அதுவும் கீழ் கியரில்தான் நன்றாக வேலை செய்யும். கால் பிரேக்கை வளைவுக்கு முன் நன்றாக அழுத்தி, வேகம் குறைந்ததும் முழுதாக விட்டுவிட வேண்டும். விட்ட நேரத்தில்தான் டிரம் ஆறும். சும்மா பம்ப் அடித்துக்கொண்டே வந்தால், பிரேக்கை இயக்கும் காற்றைக் கம்ப்ரஸர் நிரப்புவதற்குள் ஏர் டேங்க் காலியாகும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேகம் எடுத்துவிட்ட பிறகு கீழ் கியர் விழாது என்பதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். வாடை வந்துவிட்டால் அகலமான இடத்தில் ஒதுக்கி, காற்றிலேயே ஆற விட வேண்டும். அவசரத்தில் தண்ணீரை ஊற்றினால் டிரம் வெடிப்பு விடும்.

ஏர் போனால் பிரேக்கே கிடையாது என்று நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்பவர்களும் உண்டு. ஸ்பிரிங் பிரேக் உள்ள வண்டியில் கதை நேர்மாறு. ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பதே காற்றுதான். காற்று இறங்கினால் ஸ்பிரிங் விரிந்து பின் சக்கரங்களைப் பூட்டிவிடும். "அண்ணே, ஏரை இறக்கிக் காட்டுங்க" என்று மெக்கானிக்கிடம் கேட்டு, டிப்போவில் நிற்கிற வண்டியில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஒரு பிடி போனாலும் இன்னொன்று இருப்பது மலையில் வழக்கம்தான். இதே கல்லாறு-குன்னூர் சரிவில், 12 அடிக்கு ஓர் அடி ஏறும் பாதையில், மலை ரயில் நடுவிலுள்ள பல் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு இறங்குகிறது. அப்படியும் பெட்டிக்குப் பெட்டி ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார்.

கொண்டை ஊசி வளைவு மேட்டுப்பாளையம்-குன்னூர் சாலையில் 14. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. வளைவுக்கு வளைவு நம்பர் பலகை இருக்கிறது. இன்னும் எத்தனை பாக்கி என்று கணக்குப் போடாமல், அடுத்த பலகையை மட்டும் பார்த்தால் போதும். கியரை வளைவுக்கு முன்பே மாற்றி, ஹாரன் அடித்து, மேல் ரோட்டை ஒரு பார்வை பார்த்து, முகப்பை வெளிப்பக்கம் கொண்டுபோய்த் தாமதமாகத் திருப்ப வேண்டும். பயந்தவர் சீக்கிரமே ஒடித்துவிடுவார். பின் சக்கரம் எப்போதும் முன் சக்கரத்தைவிட உள்பக்கமாகத்தான் வரும் என்பதால், அது ஓரக் கல்லில் ஏறும். குறுகலான இடத்தில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. ஆகவே ஏறும்போது எதிரில் லாரியைக் கண்டு பதற வேண்டாம்.

ஏற்றத்தில் நின்றுவிட்டால் ஹேண்ட் பிரேக்கை நம்புங்கள். கிளட்ச் பிடிக்கும் இடத்தில் வண்டி லேசாக அதிரும். அதன்பிறகு ஹேண்ட் பிரேக்கை விட்டால் ஓர் அடிகூடப் பின்னால் போகாது. அதுவரைக்கும் சக்கரத்துக்கு நடத்துநரைக் கட்டை போடச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உருண்டுவிடும் என்று பாதி கிளட்சிலேயே நிறுத்தி வைத்தால் கருகுவது கிளட்ச் பிளேட்.

பனிமூட்டத்தில் டிம் லைட் போதும். பிரைட் போட்டால் வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் கண்ணாடி உள்ளே மங்காது. முன்னால் போகிறவரின் சிவப்பு விளக்கைத் துரத்தாமல், ரோட்டோர வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

எல்லாப் பயமும் மனசு கட்டியது இல்லை. ஏர் கேஜ் முள் மெதுவாக ஏறுகிறது, ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கிறது, பின் டயர் வழுக்கையாக இருக்கிறது என்றால் தைரியம் பேசவே கூடாது. புகாரை எழுதிக் கொடுத்துவிட்டு மாற்று வண்டி கேட்க வேண்டும். ட்ரிப் தாமதமானால் ஆகட்டும்.